பிடிப் பயறு

1943 ஜூலை 19, திங்கள்

மூன்று நாளாகக் காய்ச்சல் இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் ராகேல் சாப்பிடுவதும் இல்லை.

காலையில் பகவதிப்பெருமாள் டாக்டர் வந்தார். அவளுடைய கண் இமையை விலக்கிப் பார்த்தார், நகத்தை அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னை மட்டும் வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"திரவியம், மலேரியா போயாச்சு. ஆனா போகும்போது ஒடம்புல இருந்த ரத்தத்தையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கு. இனி மருந்து என் பெட்டியில இல்ல, ஒம்ம அடுப்புல இருக்கு. பயறு, ஆட்டெலும்பு, கீரை, மூணையும் கொழைய வேகவச்சு சூப்பாக் குடும். கஞ்சித் தெளிவு மட்டும் போராது. இப்படியே கெடந்தா... நான் சொல்லாண்டாம்."

சொல்லவேண்டாம் என்று சொல்லியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார்.

சூப்பு யார் வைப்பது? மகள் ஞானபாய் மார்த்தாண்டத்தில் பதினெட்டு நாள் கைக்குழந்தையோடு இருக்கிறாள். பக்கத்து வீடுகளில் இத்தனை நாள் கஞ்சி தந்தார்கள். பர்மா அரிசி நின்றபின் அவரவருக்கே அரைவயிறு, இனியும் போய் நிற்க முடியாது. கல்யாணமாகி இருபத்துநான்கு வருஷத்தில் நான் அடுப்படிக்குள் போனது சுடுதண்ணீர் ஆயிற்றா என்று கேட்பதற்குத்தான்.

ஜூலை 20

மழை. விறகு ஈரம். கஞ்சி அடிப்பிடித்தது. அவள் இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஜூலை 21

"வாய் கசக்கு. எல்லாமே கொய்னா மருந்தாட்டு இருக்கு. எனக்கு வேண்டாம், விடுங்க" என்கிறாள்.

திட்டினால்கூடத் தேவலை. கஞ்சியில் கரி மிதந்தது, அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. உப்பு ஒரு கல் கூடினால் உதட்டைப் பிதுக்குகிறவள் இவள். ராகேல் குறை சொல்லாத வீடு எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதுவதற்கே கை வரவில்லை.

ஜூலை 22, வியாழன்

அச்சாபீஸில் இன்று மூன்று இடத்தில் எழுத்தைத் தலைகீழாகக் கோத்துவிட்டேன். புரூப் பார்க்கும் கல்யாணராமன் தாளை எடுத்துக்கொண்டு நான் எழுத்துக் கோக்கிற கேஸுக்கே வந்துவிட்டார். கோட்டைக்குள் அக்கிரகாரத்துக்காரர். பதினோரு வருஷமாக என் பிழைகளைத் திருத்துகிறவர்.

"என்ன ஓய், ஆத்துக்காரி எப்படி இருக்கா?"

சொன்னேன். டாக்டர் சொன்ன சூப்பையும் சொன்னேன். மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எலும்பு விஷயத்துல நேக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதை நீர் யாரையாவது கேட்டுக்கோரும். பயறு மட்டும் சொல்றேன். மொதல் நாள் சாயங்காலமே ஊறப்போடணும். வேகறதுக்கு முன்னாடி உப்புப் போட்டீரோ, அது ஜென்மத்துக்கும் வேகாது. நசுக்கினா மசியணும், அப்புறந்தான் உப்பு."

புரூப் தாளின் ஓரத்தில் அதையே எழுதியும் கொடுத்தார். இறைச்சிச் சூப்புக்கு அக்கிரகாரத்திலிருந்து வழி கேட்டவன் இந்தத் திருவனந்தபுரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாலையில் சாலைக் கடைத்தெரு முழுவதும் நடந்தேன். பயறு கிடையாது. "அடுத்த ஆழ்ச்ச வரும்" என்று நாலு கடையிலும் ஒரே பாட்டு. அடுத்த வாரம் வரைக்கும் இவள் தாங்குவாளா?

ஜூலை 23, வெள்ளி

பயறு கிடைத்தது! கடையில் இல்லை, எங்கள் வீட்டிலேயே.

விறகு தேடி அடுப்படி மூலையில் கைவிட்டபோது, உரலுக்குப் பின்னால் ஒரு மண்கலயம். வாயை அச்சுத்தாளால் மூடி வாழைநாரால் கட்டியிருந்தது. நான் கொண்டுவருகிற கழிவுத்தாள்தான். இந்த வீட்டில் ஊறுகாயிலிருந்து உமிக்கரி வரை எல்லாவற்றுக்கும் அதுதான் மூடி. அவிழ்த்தால் கழுத்துவரை பயறு. எல்லாம் கலந்து கிடந்தது. சிறுபயறு, பெரும்பயறு, காணம், நடுநடுவே மொச்சை. ஏன் இப்படிக் கலந்து வைத்தாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பஞ்ச காலத்தில் மிஞ்சியதையெல்லாம் கொட்டிச் சேர்த்திருக்கிறாள். கெட்டிக்காரி.

நின்ற இடத்திலேயே ஜெபம் பண்ணினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகையினால் என்று சொல்ல முடியாது, இன்னும் அடுப்பே மூட்டவில்லை.

இரண்டு பிடி எடுத்து ஊறப்போட்டாயிற்று.

ஜூலை 24, சனி

இன்றைக்கு விஸ்தாரமாக எழுதவேண்டும்.

விடிந்ததும் பாளையம் சந்தைக்குப் போய் ஆட்டு நெஞ்செலும்பு வாங்கினேன். எப்படிப் போடுவது என்று இறைச்சிக்கடைக்காரரையே கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எலும்பைத் தட்டி உடைத்துப் போடவேண்டும், முதலில் பொங்கி வரும் நுரையைக் கோரி எடுத்துவிடவேண்டும் என்று சொல்லித் தந்தார். வரும் வழியில் ஒரு வேலிமேல் முருங்கை செழித்து நின்றது. கேட்டு ஒரு கொத்து ஒடித்துக்கொண்டேன். எல்லாம் சேர்ந்துவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தேன்.

படுக்கையிலிருந்து ஒரு குரல்.

"கையில என்னது?"

"முருங்கைக்கீரை. சூப்புக்கு."

"முருங்கையா? கர்க்கடகமல்லா இது! கர்க்கடகத்துல யாராவது முருங்கையில கை வைப்பாவளா? என்னைக் கொல்லத்தான் பாக்கிய!"

கர்க்கடகம் என்கிற இந்த ஆடி மழைமாதத்தில் முருங்கையிலைக்கு விஷம் ஏறும் என்று இந்த ஊரில் எல்லா ஜாதியும் எல்லா மதமும் சொல்லும். "இது வேதத்துல எங்கே இருக்கு?" என்று கேட்டேன்.

"வேதத்துல இல்லாட்டா என்ன, வயித்துக்குத் தெரியும். தூரப் போடுங்க அதை. வேலிப்பக்கம் தகரை முளைச்சுக் கெடக்கும், தளிராப் பாத்துக் கிள்ளிட்டு வாங்க. முத்தினதை எடுத்திராதிய."

அவள் மூச்சு வாங்கியது. எனக்கோ துள்ளிக் குதிக்கவேண்டும் போல இருந்தது. பதின்மூன்று நாளைக்குப் பிறகு ராகேல் என்னைத் திட்டினாள்! முருங்கையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கொட்டும் மழையில் குடையில்லாமல் போய்த் தகரைத் தளிர் கிள்ளினேன்.

எலும்பைப் போட்டு, நுரையைக் கோரி, ஊறிய பயற்றைச் சேர்த்தேன். நல்லமிளகும் சீரகமும் வெள்ளைப்பூண்டும் அம்மியில் தட்டினேன் — அம்மிக் குழவி விரலில் ஏறியதை இங்கே எழுதப்போவதில்லை. சிறுபயறு முதலில் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கியது. காணம் அடுத்தது. பெரும்பயறுதான் பிடிவாதம் பிடித்தது. கையில் உப்பை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பொறுமையாக நின்றேன், கல்யாணராமன் பக்கத்திலேயே நிற்பதுபோல. பெரும்பயறும் மசிந்தபிறகுதான் உப்பு. கடைசியில் தகரை. தேங்காயெண்ணெயில் சின்ன உள்ளி தாளித்துக் கொட்டினேன். வாசனை வந்தது பாருங்கள், நான் வைத்ததுதானா என்று எனக்கே சந்தேகம்.

தலையணையை உயர்த்தி உட்காரவைத்து ஒரு கரண்டி கொடுத்தேன். அவள் வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் என்னையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். துப்பிவிடுவாள் என்றே நினைத்தேன். பிறகு விழுங்கினாள்.

"உப்பு கொறவு" என்றாள்.

முழுக் கிண்ணமும் குடித்தாள். முழுக் கிண்ணமும்!

ஜூலை 25, ஞாயிறு

ஆராதனையில் காணிக்கைத் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது கால் தரையில் பாவவில்லை. காணிக்கை எடுக்கிற டீக்கன் சிரித்துக்கொண்டு நடக்கக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே. நன்றி ஆண்டவரே, நன்றி.

ஜூலை 28

மூன்றாவது தடவை சூப்பு. மஞ்சள் போட மறந்தேன். ஏச்சுக் கிடைத்தது. சந்தோஷம்.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை நடந்தாள். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது. டாக்டர், "இன்னும் ரெண்டு ஆழ்ச்ச விடாமக் குடும், நடுவுல நின்னா பழையபடி ஆயிரும்" என்கிறார். கலயத்தில் பயறு பாதிக்குக் கீழே போய்விட்டது. பார்த்துப் பார்த்து எடுக்கிறேன்.

ஆகஸ்ட் 7, சனி

எப்படி எழுதுவேன் இதை.

பத்துமணி வாக்கில் வாசலில் சுசீலாபாய் வந்து நின்றாள். எங்கள் சபையின் வேதாகமப் பெண். வீடுவீடாகப் போய் வேதம் வாசித்துக் கொடுப்பவள், மாதத்தின் முதல் சனிக்கிழமை பிடியரிசி சேர்ப்பவள். மழையினால் இரண்டு மாதமாக எங்கள் பக்கம் வரவில்லை. சபைப் பெண்கள் ஒவ்வொருவரும் உலை வைக்குமுன் அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டு வைப்பார்கள். அது ஆண்டவருடையது. வீட்டில் பட்டினி கிடந்தாலும் அதைத் தொடமாட்டார்கள். சுசீலாபாய் மழைக்கு ஒதுங்கி, குடைக்கடியில் ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"பிடியரிசி விஷயமாட்டு வந்தேன் அண்ணாச்சி. மைனி முழிச்சிருக்காவளா?"

ராகேல் தூங்கிக்கொண்டிருந்தாள். இரு பார்க்கிறேன் என்று உள்ளே போனேன். பிடியரிசிப் பானை எது? அரிசிப்பானை ஒன்றுதான் கண்ணில் பட்டது, அதில் இருந்தது எங்கள் ரேஷன். உரலுக்குப் பின்னால் தேடினேன். அந்தக் கலயம். அதன் வாயில் நான் திரும்பத் திரும்பக் கட்டிவைத்த அச்சுத்தாள். பதினைந்து நாளாக அவிழ்த்துக் கட்டியும் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை. இன்று பார்த்தேன்.

எங்கள் சபை அறிவிப்பு. பங்குனியில் நானே எழுதி, நானே எழுத்துக் கோத்து, ஆராதனையில் நானே எழுந்து நின்று வாசித்தது. "அரிசி அரிதாகிவிட்ட இந்நாட்களில், எது அடுப்பில் ஏறுகிறதோ அதில் ஒரு பிடி எடுத்து வைக்கும்படி சகோதரிகளைக் கேட்டுக்கொள்ளுகிறோம். — திரவியம், டீக்கன்."

சிறுபயறு வைத்த நாளில் சிறுபயறு ஒரு பிடி. காணம் வைத்த நாளில் காணம் ஒரு பிடி. அதனால்தான் எல்லாம் கலந்து கிடந்தது. அட பாவி, ஆண்டவர் பங்கையல்லவா எலும்பு போட்டுக் காய்ச்சினேன்! கலயத்தில் மிச்சம் நாலு பிடி இருக்கும்.

வாசலுக்கு வந்தேன். "இன்னைக்கு ஒண்ணுமில்ல, சுசீலா. அப்புறம் பாக்கலாம், நீ போ" என்றேன். குரல் எனக்கே கடுகடு என்று கேட்டது. அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

காணிக்கைத் தட்டு கனத்தது. சுசீலாபாய் உட்கார்ந்திருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

"நேத்து சுசீலா வந்தாளா?" என்று ராகேல் கேட்டாள். "மழையில்லியா" என்றேன். இல்லை என்று சொல்லவில்லை, ஆனாலும் அது பொய்தான்.

சொன்னால் என்ன ஆகும்? இவளை எனக்குத் தெரியாதா. ஞானபாய் சிறுபிள்ளையாக இருந்தபோது பிடியரிசியிலிருந்து ஒரு வாய் அள்ளித் தின்றதற்கு அன்றைக்கு முழுவதும் தான் பட்டினி கிடந்து ஈடுசெய்தவள். தெரிந்தால் இனி ஒரு கரண்டி இறங்காது. ஏழு நாள் நிறுத்தினால் போதும், மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். இத்தனை நாள் ஏறிய ரத்தம்... நான் சொல்லமாட்டேன். திருடன் என்ற பேர் எனக்கு வரட்டும். அவள் குடிக்கட்டும்.

ஆகஸ்ட் 9

கல்யாணராமனிடம் கொட்டிவிட்டேன். கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது.

"கோச்சுக்காதேயும். ஊருக்கெல்லாம் நோட்டீஸ் போட்ட மனுஷனுக்குத் தன்னாத்துப் பானை தெரியலையே, அதுக்குத்தான் சிரிச்சேன். பயறுதானே வேணும்? என் ஆத்துக்காரி விஜயத்துக்கிட்ட சொல்றேன்."

ஆகஸ்ட் 10, செவ்வாய்

ஒரு வேட்டித்துணியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து என் கேஸ் மேல் வைத்தார். அவ்வளவும் பெரும்பயறு, வெள்ளை வெளேர் என்று, ஒரு கல் இல்லாமல் புடைத்தது. இந்தக் காலத்தில் எந்த வீட்டில் இவ்வளவு மிச்சம் இருக்கும்? அவர் வீட்டில் எட்டுப் பேர் சாப்பிடவேண்டும். கேட்டேன்.

"எங்காத்துல ஏகாதசி ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொஞ்சதூரம் போய்த் திரும்பி, "உங்க சாமி எங்காத்துப் பயறை ஏத்துப்பாரோ?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

ஆகஸ்ட் 11

கலயத்தைக் கழுத்துவரை நிரப்பி, அறிவிப்பையே மூடியாக வைத்துக் கட்டிவிட்டேன். அதில் ஒரு மணியும் எங்களுக்கு இல்லை. பழைய கலவையில் மிஞ்சிய இரண்டு பிடியை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். அதைவைத்து ஒரு தடவை ஓடும். பிறகு?

ஆகஸ்ட் 14, சனி

மாலையில் வேலைவிட்டு வந்தால் படுக்கை காலி. ஒரு கணம் செத்தே போனேன். அடுப்படியில் சத்தம் கேட்டது. ராகேல் உரலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கலயம், அவிழ்த்த வாய், உள்ளங்கையில் வெள்ளைப் பயறு.

"இது என் பானையில உள்ள பயறு இல்ல" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கடைத்தெரு, கலயம், சுசீலாபாய், சாத்திய கதவு, கல்யாணராமன். சொல்லி முடித்து, "நிறுத்திராதே ராகேல், ஒன் காலைப் பிடிச்சுக் கேக்கேன், சூப்பை மட்டும் நிறுத்திராதே" என்றேன். அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அவள் பயற்றைத் திரும்பக் கலயத்தில் போட்டாள்.

"மொத வாயிலயே எனக்குத் தெரியும். சிறுபயறும் காணமும் மொச்சையும் ஒண்ணாக் கெடக்க பானை இந்த வீட்டுல வேற ஏது?"

"தெரிஞ்சா குடிச்சே?"

"துப்பத்தான் பாத்தேன். நீங்க கண்ணு செவந்து, விரல்ல துணி சுத்திக்கிட்டு நின்னிய. ஆண்டவரே, இந்த மனுஷனைத் தனியா விட்டா அடுப்பையும் பத்தவைக்கத் தெரியாதே, மன்னியும்னு சொல்லிட்டு முழுங்கினேன். ஒவ்வொரு வாய்க்கும் அதையேதான் சொன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல்லே?"

"சொன்னா நீங்க அடுப்பை அணைச்சிருப்பிய. எனக்குச் சாவ மனசில்ல."

அவள் மூன்று வாரம், நான் ஒரு வாரம், ஒருவர் அறியாமல் ஒருவர். அடுப்படித் தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் டீக்கனைப் பார்க்கிற பார்வை பார்த்தாள். "நாளைக்கு சுசீலாக்கிட்ட நீங்களே சொல்லணும். பானையையும் நீங்களே சுமக்கணும்."

ஆகஸ்ட் 15, ஞாயிறு

சுமந்தேன். ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்தபின் சுசீலாபாய் முன்னால் கலயத்தை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். அன்றைக்குக் கதவைச் சாத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

அவள் கலயத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு என் கையில பை இருந்ததே, கண்டியளா?"

"கண்டேன். பிடியரிசி சேக்கதுக்கு."

"சேக்கதுக்கு இல்ல. அதுக்கு முந்தின ஆழ்ச்ச பெண்கள் கூட்டத்துல பேசித் தீர்மானிச்சாச்சு, இந்த மாசம் சேந்ததுல மொத பங்கு மைனிக்குன்னு. காய்ச்சல்காரி வீட்டுக்குத்தானே பிடியரிசி? பயறு நெறையக் கொண்டு வந்தேன். எடுக்க வரல்ல, குடுக்க வந்தேன். நீங்க போன்னு சொல்லிட்டிய. டீக்கனுக்கு வாங்க நாணமாக்கும்னு நெனச்சு நான் திரும்பிட்டேன்."

நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நான் திருடியது எனக்கென்றே எடுத்து வைத்தது. மூன்று வருஷமாக ஆராதனையில் இந்தப் பிடியரிசிக்கு நன்றி வாசிக்கிறேன், அது எந்த வீட்டு வாசலுக்குப் போய் நிற்கும் என்று ஒருநாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 16

சுசீலாபாய் வந்தாள். கதவை அகலத் திறந்தேன். பையை இரண்டு கையாலும் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் பாதிக்குமேல் வெள்ளைப் பெரும்பயறு. கல்யாணராமன் வீட்டுப் பயறு ஒருநாள் ஆண்டவருடையதாக இருந்துவிட்டு எங்கள் அடுப்புக்கே வந்து சேர்ந்துவிட்டது. அச்சாபீஸில் சொன்னேன். "அப்போ ஏத்துண்டுட்டார்" என்றார். புரூப்பில் கண் பதித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

சிங்க மாதம் ஒன்று. மலையாள வருஷம் பிறந்தது, மழையும் விட்டது. கர்க்கடகம் போனதால் ராகேல் தானே வேலிவரை நடந்துபோய் முருங்கைக்கீரை பறித்துவந்தாள். என்னை அடுப்படிக்குள் விடவில்லை. நிலைப்படியில் நின்று பார்க்க மட்டும் அனுமதி.

எலும்பு கொதித்தது. அவள் சுசீலாபாய் தந்த பையை அவிழ்த்து, ஊறப்போடுவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, காலியாகத் திரும்பி வந்திருந்த கலயத்தில் போட்டாள்.

"அது அவங்க நமக்குத் தந்ததல்லா? அதுலயுமா?" என்று கேட்டேன்.

"இதுலதான்" என்றாள். நகர்ந்து எனக்கு வழிவிட்டாள். "நீங்களும் ஒரு பிடி போடுங்க. கை பெரிசுல்லா."